தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? (தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்கள் வரவும்)

#1 இலக்கியம்பட்டி

வணக்கம். தருமபுரி டவுனில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். மூன்று மாடி, நாற்பது பேர் சொச்சம். ஏப்ரலில் எங்கள் போர்வெல் காற்று விட ஆரம்பித்தது. இப்போது வாரத்துக்கு மூன்று லாரி தண்ணீர் வாங்குகிறோம். லாரி பில் என் மேசைக்குத்தான் வரும் என்பதால் "நீயே இதைக் கவனி" என்று முதலாளி என் தலையில் கட்டிவிட்டார்.

நானும் உற்சாகமாகத்தான் இறங்கினேன். 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று ஸ்டிக்கர் அடித்து ஒவ்வொரு குழாய்க்கு மேலேயும் ஒட்டினேன். வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு படம் போட்டேன், வெடித்துக் கிடக்கிற ஏரியில் ஒரு பையன் குடத்தோடு நிற்பானே, அந்த மாதிரி. நாலு பேர் கும்பிடு போட்டார்கள். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் முதல் மாடி ஸ்டிக்கருக்குக் கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: "முதலில் மொட்டை மாடி டேங்க் வழிவதை நிறுத்துங்க."

கோபமாக வந்தது. மேலே ஏறிப் பார்த்தால் உண்மைதான். வாட்ச்மேன் மோட்டாரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார். அவர் திரும்பி வருவதற்குள் டேங்க் நிறைந்து, சுவர் ஓரமாக வழிந்து, கீழே பைக் நிறுத்துகிற இடம் வரை ஈரம்.

வீட்டிலும் இதே கதை. பன்னிரண்டு வீடு, ஒரே போர், மோட்டார் கரண்டு பில்லை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கிறோம். எவ்வளவு இறைத்தாலும் அதே காசுதான், அதனால் யாருக்கும் கவலையில்லை. சொல்லியும் கேட்காதவர்களை எப்படித்தான் வழிக்குக் கொண்டுவருவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பென்னாகரத்து மருமகள்

அண்ணா, நீங்கள் 'தண்ணீர்' என்று பொதுவாகச் சொல்கிறீர்கள். நம் ஊரில் தண்ணீர் ஒன்றா? நல்ல தண்ணி வேறு, உப்புத் தண்ணி வேறு. நல்ல தண்ணியை யாரும் இங்கே லேசில் வீணாக்குவதில்லை. என் மாமியாருக்குப் பல் எல்லாம் பழுப்பு வரி. சின்ன வயதில் குடித்த போர் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு. அவர் தலைமுறையில் மூட்டு மடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டவர்களும் உண்டு. 2013-ல் ஒகேனக்கல் திட்டத்துக் காவிரித் தண்ணீர் வந்த பிறகுதான் குடத்தை மனசாரத் தூக்குகிறோம். அதை அவர் செம்பில் அளந்துதான் எடுப்பார்.

அதே மாமியார் பின்கட்டில் போர் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரத்தை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவந்து கழுவுவார். கேட்டால், "இது உப்புத் தண்ணிதானே, போனால் போகட்டும்" என்பார். எங்கள் தெரு முழுக்க இப்படித்தான். உப்புத் தண்ணிக்கு மதிப்பே கிடையாது, ஆனால் வற்றிப் போவது அதுதான்.

இன்னொன்று சொன்னால் யாரும் அடிக்க வரக்கூடாது. புதுத் தண்ணீர் வருகிற அன்று, குடத்தில் மீதமிருக்கிற 'பழைய தண்ணி'யை வாசலில் கொட்டிவிட்டுத்தானே பிடிக்கிறோம்? போன முறை விட்டது முந்தாநாள்தான், அதற்குள் அது பழசு! எங்கள் வீட்டில் மட்டும் நாலைந்து குடம் அப்படிப் போகும். நான் சண்டை போடவில்லை. மூடி உள்ள டிரம் ஒன்றும் நீளக் கைப்பிடி அகப்பை ஒன்றும் வாங்கி வைத்தேன். கை படாத தண்ணீர் கெடாது என்று மாமியாருக்கே தோன்றிவிட்டது. இப்போது மீதம் அரிசி களையப் போகிறது, களைந்தது மாட்டுக்குப் போகிறது.

#3 ஓசூர் ஷிப்டு

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ். எங்களிடமும் ஸ்டிக்கர் உண்டு, மூன்று மொழியில். பலன் பூஜ்யம்.

பிறகு ஒன்று செய்தோம். கேன்டீன், கழிவறை, தோட்டம், உற்பத்தி என்று லைனுக்கு ஒரு மீட்டர் மாட்டினோம். பெரிய செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆள் நடமாட்டமே இல்லாதபோது மீட்டரைப் பார்த்தால் கழிவறை லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. யார் குளிக்கிறார்கள்? யாருமில்லை. தரைக்குக் கீழே ஒரு இணைப்பு விட்டுப்போய், எத்தனை மாதமாகவோ மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதுவரை நாங்கள் தொழிலாளர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

இலக்கியம்பட்டி சார், நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு டேங்க் மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் காலை மட்டம் இறங்கியிருந்தால் திட்ட வேண்டியது மனிதர்களை இல்லை.

அப்புறம், உற்பத்தி எண்ணிக்கை எழுதுகிற போர்டிலேயே ஷிப்டுவாரியாகத் தண்ணீர் கணக்கையும் எழுதினோம். போட்டி பிடித்துக்கொண்டது. 'பி' ஷிப்டு ஆட்கள் ஜெயிப்பதற்காகக் கழிவறை கேட் வால்வைப் பாதி மூடிவைத்துவிட்டார்கள். யூனியன் வரை போனது. கணக்கு எழுதுங்கள், ஆனால் பரிசு கிரிசு அறிவித்துவிடாதீர்கள்.

#4 மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

எல்லோரும் குளிக்கிற மக்கையும் பக்கெட்டையும் பேசுகிறீர்கள். மன்னிக்கணும், எனக்குச் சிரிப்பு வருகிறது. என் தோப்பில் போர் மோட்டாரை ஒரு மணி நேரம் போட்டால் பத்தாயிரம் லிட்டர் கொட்டும். உங்கள் ஆபீசில் நாற்பது பேரும் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சம் பிடிப்பதை, நான் மோட்டாரை நிறுத்த மறந்து தூங்கிவிட்டால் ஒரே ராத்திரியில் விட்டுவிடுவேன். கரண்டும் இலவசம். 2017 நவம்பரில் கே.ஆர்.பி. அணையில் (நம் கிருஷ்ணகிரி அணைதான்) முதல் ஷட்டர் உடைந்தபோது போன தண்ணீரைக் கரையில் நின்று பார்த்தவன் நான். அன்றைக்கே இந்த மக்கு கணக்கெல்லாம் எனக்கு விட்டுப்போச்சு.

சொட்டுநீர் போட்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு எழுபத்தைந்து. குழாய் வந்துவிடும். அதற்கப்புறம் உப்புத் தண்ணீரில் சொட்டுவாய் அடைத்துக்கொள்கிறது, அணில் வெயில் காலத்தில் குழாயைக் கடித்துத் தண்ணீர் குடிக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு வருடத்தில் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு மறுபடியும் வாய்க்காலில் பாய்ச்சுகிறார்.

#5 அரூர் வாத்தியார்

மாந்தோப்பு அண்ணா சொல்கிற அளவு உண்மை. பாசனத்துக்குப் போவதோடு ஒப்பிட்டால் வீட்டுத் தண்ணீர் கொசுறு. ஆனால் டவுனில் லாரிக்குக் காசு கொடுக்கிறவருக்கு அந்தக் கொசுறுதான் மாதச் செலவு. அவர் உங்கள் தோப்பு மோட்டாரை நிறுத்த முடியாது, அவர் டேங்கை நிறுத்த முடியும்.

நான் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவன். பிள்ளைகளிடம் 'வீணாக்காதே' என்று சொல்வதை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சொட்டிக்கொண்டிருந்த ஒரு குழாய்க்கு அடியில் பக்கெட்டை வைத்து, முதல் மணி அடித்ததிலிருந்து கடைசி மணி வரை எவ்வளவு சேர்கிறது என்று அவர்களையே அளக்கவைத்தேன். வெறும் சொட்டுதான். ஏழு லிட்டர் சேர்ந்தது. சாயந்திரம் மூன்று பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குழாய்க்கு வாஷர் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்கள்! ஒரு அப்பா என்னிடம் வந்து, "பையனுக்கு என்ன சார் சொல்லிக்கொடுத்தீங்க, ராத்திரி எழுந்து எழுந்து பக்கெட்டைப் பார்க்கிறான்" என்றார்.

அதே சூட்டில் மழைக்கணக்கும் போட்டோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர். வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் என்று வைத்தால் 74,000 லிட்டர். ஆவியானது, முதல் மழைக்கு அழுக்கோடு விட்டது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 59,000 லிட்டர் கையில் நிற்கும். அந்தத் தண்ணீரில் ஃப்ளோரைடும் கிடையாது. பாறையில் ஊறி ஊறி வருகிற போர் தண்ணீரில்தான் அது.

இவ்வளவும் பேசிவிட்டு என் வீட்டு மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்தேன். 2003-ல் சட்டம் வந்து கட்டாயமாக்கியபோது அப்பா கட்டியது. உள்ளே சிமெண்ட் சாக்கு, தேங்காய் மட்டை, ஒரு பழைய செருப்பு. மாடியிலிருந்து வரும் பைப் குழிக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. இருபது வருடமாக மழை வாசலில்தான் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

#6 பர்கூர் கல்

கிரானைட் பட்டறை வைத்திருக்கிறேன். கல் அறுக்கும்போது பிளேடு மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் பிளேடு போய்விடும். அந்தத் தண்ணீர் தொட்டிக்குப் போகும், சேறு அடியில் படியும், தெளிந்தது திரும்ப பிளேடுக்கே வரும். இதை யாரும் எங்களுக்கு உபதேசம் பண்ணிச் செய்யவைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் புதுத் தண்ணீர் வாங்கினால் கட்டாது, அவ்வளவுதான். ஆனால் அதே பட்டறையில் ஆட்கள் கை கால் கழுவுகிற குழாய் பாதி நாள் திறந்தே கிடக்கும். அதற்கு யாரிடமும் கணக்கு இல்லை பாருங்கள்.

#7 புதுக்குடித்தனம்

நடுவில் ஒரு சந்தேகம். போன மாதம்தான் திருமணமாகி தருமபுரி வந்தோம். ஆர்.ஓ. மெஷின் வாங்கினோம். ஒரு குடம் குடிதண்ணீர் எடுத்தால் இரண்டு மூன்று குடம் கழிவாகச் சிங்க்கில் போகிறது. அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றலாமா? பக்கத்து வீட்டில் மாட்டுக்கும் கேட்கிறார்கள்.

#8 நல்லம்பள்ளி லேப்

மாட்டுக்குக் கொடுக்காதீர்கள். ஆர்.ஓ. எதையும் அழிப்பதில்லை, வடிகட்டி ஒதுக்கிய உப்பும் ஃப்ளோரைடும் அந்தக் கழிவில் கூடுதல் அடர்த்தியாக இருக்கும். மனிதனுக்கு ஆகாது என்று ஒதுக்கியதை மாடு ஏன் குடிக்க வேண்டும்? செடிக்கும் தொடர்ந்து ஊற்றினால் தொட்டி மண்ணில் வெள்ளையாக உப்புப் பூக்கும். வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்ற, பைக்கில் இருக்கிற சேற்றை முதலில் அலச, இதற்கெல்லாம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், எந்தத் தண்ணீரை ஆர்.ஓ.வில் விடுகிறீர்கள் என்பது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் என்றால், அது 1,928 கோடி ரூபாய்த் திட்டத்தில் சுத்திகரித்து அனுப்புகிற காவிரித் தண்ணீர். அதை மறுபடி ஆர்.ஓ.வில் விட்டுப் பெரும்பங்கைச் சாக்கடைக்கு அனுப்புவது எனக்கு வயிற்றெரிச்சல். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கிற இடங்களில் வீட்டு ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சொன்னது.

போர் தண்ணீராக இருந்தால் கதை வேறு. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஃப்ளோரைடைக் காட்டாது. டி.டி.எஸ். குறைவாகவும் ஃப்ளோரைடு அதிகமாகவும் உள்ள தண்ணீரை இந்த மாவட்டத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். லேபில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக்கூடாது. காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் சுண்டச் சுண்ட ஃப்ளோரைடு அடர்த்தியாகும்.

#9 ஓசூர் ஷிப்டு

எங்களுக்குப் பக்கத்தில் பெங்களூரில் 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது கடைகள், ஹோட்டல்கள், அபார்ட்மென்ட்கள் எல்லாம் குழாயில் ஏரேட்டர் (காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைத்து விடுகிற சின்ன வலை மூடி) மாட்டியே ஆகவேண்டும் என்றார்கள். குடிதண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம். அந்த மாதிரிப் போட்டால்தான் வேலை நடக்கும் என்பது என் கட்சி.

#10 அரூர் வாத்தியார்

அபராதம் போட அங்கே ஒரு வாரியம் இருந்தது. இங்கே பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பில் இலக்கியம்பட்டி சார் யாருக்கு அபராதம் போடுவார்? போட்டுவிட்டு மறுநாள் படியில் எப்படி முகத்தைப் பார்ப்பார்?

#11 பென்னாகரத்து மருமகள்

அண்ணா, ஒன்று கேட்கிறேன். உங்கள் அலுவலகத்தில் கூட்டித் துடைக்கிற அக்கா ஒருவர் இருப்பாரே, அவரிடம் கேட்டீர்களா? எந்தக் குழாய் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கணக்குப் பார்க்கிற உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

#12 இலக்கியம்பட்டி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மாதக் கடைசி.

தங்கச்சி சொன்னபடி அந்த அக்காவிடம் கேட்டேன். முதலில், "என்னைக் குறை சொல்றீங்களா சார்" என்றார். இல்லை என்று புரியவைப்பதற்கே ஒரு டீ ஆனது. அதன் பிறகு கொட்டிவிட்டார். இரண்டாம் மாடி ஃப்ளஷ் பட்டன் அழுத்தினால் திரும்ப மேலே வராது, அது நாள் முழுக்க ஒழுகிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் முன்பே ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். துடைக்கிற பக்கெட் உடைந்துவிட்டது, கேட்டும் வரவில்லை, அதனால் ஹோஸ் பைப்பைப் போட்டு வராண்டாவைக் கழுவுகிறார். மதியம் சாப்பிட்ட டப்பாவில் காய்ந்த சோறு ஊறுவதற்காகக் குழாயைத் திறந்துவிட்டு, அது பாட்டுக்கு ஓட, ஆட்கள் போன் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சாக்பீஸ் கோடும் போட்டுப் பார்த்தேன். ஞாயிறு முழுக்க டேங்க் மட்டம் ஒரு ஜாண் இறங்கியிருந்தது. எல்லாம் அந்த இரண்டாம் மாடி ஃப்ளஷ்.

செய்தது இவ்வளவுதான்: ஃப்ளஷுக்குள் ரப்பர் மாற்றினோம், அக்காவுக்குப் புதுப் பக்கெட், டேங்க் நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கிற சென்சார், கைகழுவுகிற இடத்தில் டப்பா ஊறவைக்க அகலமான ஒரு பிளாஸ்டிக் டப். இந்த வாரம் மூன்றாவது லாரி வரவில்லை. ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் வாரம் எத்தனை லாரி வந்தது என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். டப்பில் மட்டும் சிலர் காபித்தூளைக் கொட்டுகிறார்கள்.

தோற்றதையும் சொல்கிறேன். ஏரேட்டர் மாட்டினேன். தண்ணீர் பாதியாகக் குறைந்தது உண்மை, ஆனால் உப்புத் தண்ணீரில் பதினைந்தே நாளில் வலை அடைத்துக்கொண்டது. யாரோ ஒருவர் பொறுமையிழந்து கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டார்.

#13 ஓசூர் ஷிப்டு

கழற்றி ராத்திரி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டு வையுங்கள், உப்பு கரைந்துவிடும். மாதம் ஒருமுறை செய்ய ஆள் இருந்தால்தான் ஏரேட்டர், இல்லாவிட்டால் வேண்டாம்.

மற்ற ஃப்ளஷ் தொட்டிகளையும் சோதித்துவிடுங்கள். துணிக்குப் போடுகிற நீலத்தில் நாலு சொட்டு மேலே தொட்டிக்குள் விட்டு, கால் மணி நேரம் யாரும் அழுத்தாமல் இருக்கட்டும். கீழே கழிவறைப் பேசினில் நீலம் தெரிந்தால் கசிகிறது என்று அர்த்தம். பழைய மாடல் தொட்டி ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் தள்ளும். உள்ளே மணல் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை நிறுத்திவைத்தால் தடவைக்கு ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் போடாதீர்கள், கரைந்து அடைத்துவிடும்.

#14 மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

அணிலுக்கு யாரும் வழி சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானே கண்டுபிடித்துவிட்டேன். வரப்போரம் இரண்டு மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன். குழாயைக் கடிப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஒருநாள் சட்டி காய்ந்திருந்தது, அன்றைக்கே ஒரு குழாயைக் கடித்துவைத்திருந்தது.

வாத்தியாரின் பக்கெட் சோதனையை வீம்புக்காக என் வீட்டுத் தொழுவத்துத் தொட்டியில் செய்தேன். அங்கே மிதவை வால்வு போய் எத்தனை நாளாகிறதோ. எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். மக்கு கணக்கைப் பார்த்துச் சிரித்தவன் நான்தான்.

#15 இலக்கியம்பட்டி

அண்ணா! மக்கு கணக்கு இல்லை, பக்கெட் கணக்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

குடியிருப்பு விஷயம் இன்னும் நகரவில்லை. வீட்டுக்கு ஒரு மீட்டர் மாட்டலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். ஏழு வீடு சரி என்றது, ஐந்து வீடு "எங்கள் வீட்டில் ஆள் அதிகம், அப்போ நாங்கள்தான் அதிகம் கட்டணுமா" என்றது. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு லிட்டர் வரை ஒரே ரேட், அதற்கு மேல் போனால்தான் கூடுதல் என்று வைக்கலாமா? நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுக் கணக்கு.

#16 பென்னாகரத்து மருமகள்

கிராமத்துக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் 55 லிட்டர்தான் கணக்கு அண்ணா. நாங்களும் அதே குளியல்தான் குளிக்கிறோம். 135-ஐ வரம்பாக வைத்தால் யாருக்கும் உறைக்காது. முதலில் இரண்டு மாதம் மீட்டரை மட்டும் மாட்டி, காசு கேட்காமல், எண்ணை மட்டும் மாடிப்படிக்குக் கீழே எழுதுங்கள். சண்டை தானாக வரும், அதற்கப்புறம் வரம்பு பேசலாம்.

#17 மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

போச்சம்பள்ளிப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. அரூருக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் போல. வாத்தியாரே, குழிக்குப் பைப் மாட்டியாச்சா?

#18 அரூர் வாத்தியார்

மட்டை, செருப்பு எல்லாம் எடுத்து, ஜல்லியும் மணலும் போட்டு, பைப்பும் இழுத்தாச்சு அண்ணா. வளைவில் மாட்டுகிற எல்போ ஒன்று மட்டும் விட்டுப்போய் நிற்கிறது. பசை வாங்கத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். இங்கேயும் காற்று அடிக்கிறது, கடைக்காரர் ஷட்டரை இறக்காமல் இருக்க வேண்டும்.